அந்தக் கையில் ஊசி போடாதீர்கள்

என் அண்ணனைக் கண்ணாடி விரியன் கடித்தது உப்பூருக்கு மேற்கே எங்கள் வயலில், தை அறுப்பின் மூன்றாம் நாள் காலையில். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோய் அப்போது மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். நான் திருப்பாலைக்குடியில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். பொங்கல் லீவோடு இரண்டு நாள் சேர்த்து எடுத்துக்கொண்டு அறுப்புக்கு வந்திருந்தேன். அண்ணனுக்கு என்னைவிட ஒன்பது வயது கூடுதல். அய்யா இறந்த பிறகு நிலத்தையும் என்னையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர். என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான். அதனாலேயோ என்னவோ, என் படிப்பின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது.

அறுத்துப் போட்டிருந்த கதிரை வாரித் தூக்கும்போது அடியில் கிடந்திருக்கிறது. வலது காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே கடித்தது. அண்ணன் அறுவாளால் அதை இரண்டாக வெட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் வரப்பில் உட்கார்ந்தார்.

கூடியவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தார்கள். வைக்கோலை முறுக்கி முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டு. அது போதாது என்று தொடையில் நார்க்கயிற்றால் இன்னொரு கட்டு. ஒருவர் பிளேடால் கடிவாயைக் கீறினார். ரத்தம் வந்தது, நிற்கவே இல்லை. பின்னால் நான் இதற்காக எத்தனையோ பேரை ஏசியிருக்கிறேன். ஆனால் கீறும்போது அசையாமல் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

மாட்டுவண்டியில் ரோட்டுக்குக் கொண்டுவந்து, பஸ்ஸை மறித்து ஏற்றி, ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதற்குள் கால் தொடை வரை வீங்கிவிட்டது. பல் ஈறில் ரத்தம் கசிந்தது. விஷமுறிவு மருந்தை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். அப்போதெல்லாம் ஊசிகள் ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற ஊசிகள் இல்லை. கொதிக்க வைத்து, கல்லில் தீட்டித் திரும்பத் திரும்பப் போடுகிற ஊசிகள். கம்பவுண்டர் வலது கையில் ஒரு இடத்தில் குத்தினார். விஷத்தால் ரத்தம் உறையாமல் இருந்ததால் குத்திய இடம் நீலமாகப் புடைத்துக்கொண்டது. அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, புறங்கையில் இரண்டு. சாயங்காலத்துக்குள் அந்தக் கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நாவல் பழ நிறத்துக்கு வந்துவிட்டது. இனிமேல் நரம்பு கிடைக்காது என்று, நல்லாயிருந்த இடது காலில் கணுக்காலுக்கு உள்பக்கம் கத்தியால் கீறி, நரம்பை வெளியே எடுத்துக் குழாயைச் செருகிக் கட்டினார்கள். அதன் வழியாக மருந்தும் சலைனும் போயின.

அண்ணன் பிழைத்தார். பிழைக்க வைத்தவர்கள் அங்கே இருந்த அவர்கள்தான். நன்றி இல்லாமல் பேசக்கூடாது.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் வந்து, "மூத்திரம் எவ்வளவு போச்சு?" என்று கேட்டார். நான் கம்பவுண்டரைப் பார்த்தேன். கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. அண்ணனே சொன்னார்: "முந்தாநேத்து கருப்பட்டிக் காப்பி கணக்கா கொஞ்சம் போச்சு. அப்புறம் வரலை." அன்று முழுவதும் சொட்டுக்கூட வரவில்லை. முகம் உப்பியது. விக்கல் பிடித்துக்கொண்டது, குடித்த தண்ணீர் அப்படியே வெளியே வந்தது. நாலாம் நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"விஷம் கிட்னியை அடிச்சிருச்சு. ரெண்டு மூணு வாரத்துல அதுவா முழிச்சாலும் முழிக்கும். அதுவரைக்கும் ரத்தத்துல சேர்ற கழிவை யாராவது வெளியே எடுக்கணும். மெட்ராஸ்ல மிஷின் இருக்கு. லெட்டர் தாரேன். இன்னிக்கே ரயில் ஏத்துங்க."

சென்னை ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பாம்பு கடித்த காலை முதலில் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார். வலது கையைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். விரலால் அழுத்திக்கொண்டே மணிக்கட்டிலிருந்து மேலே போனார். முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"இதை யார் இப்படிக் குத்தினது?"

நான் சொன்னேன். அவர் போர்வையை விலக்கி இடது கணுக்காலைப் பார்த்தார். அங்கே தையல் இருந்தது.

"இங்கேயும் கிழிச்சாச்சா?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. என்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ரத்தத்தை மிஷினுக்குள் விட்டுச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் விட வேண்டும். அதற்கு வாசல் வேண்டும். தமனியில் ஒரு மெல்லிய குழாய், பக்கத்திலேயே சிரையில் ஒரு குழாய். இரண்டையும் தோலுக்கு வெளியே கொண்டுவந்து ஒன்றோடொன்று இணைத்துவிடுவார்கள். மிஷின் ஓடாத நாளில் ரத்தம் அந்த வளைவு வழியாக வெளியே வந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒருமுறை வைத்துவிட்டால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கழற்றி மிஷினில் மாட்டலாம். ஆனால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் வாசல் போயிற்று. புதிதாக இன்னோர் இடத்தில் அறுத்து வைக்க வேண்டும். இந்தக் குழாய் வைக்க நல்ல இடங்கள் கணுக்காலும் முன்கையும். அண்ணனுக்கு ஒரு கால் பாம்பால் போயிருந்தது. இன்னொரு காலும் ஒரு கையும் வைத்தியத்தால் போயிருந்தன. இடது கை மட்டும் பாக்கி.

அது தப்பியதற்கும் யாருடைய புத்திசாலித்தனமும் காரணமில்லை. ராமநாதபுரத்தில் அண்ணனின் கட்டில் இடப்பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ஆள் நிற்க அங்கே இடமில்லை. இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் கோபமாக வருகிறது, யார் மேல் என்று தெரியாமல்.

இடது மணிக்கட்டுக்கு மேலே குழாய் வைத்தார்கள். மிஷின் என்றால் நான் என்னவோ நினைத்திருந்தேன். பெரிய எவர்சில்வர் தொட்டி. அதில் வெதுவெதுப்பான தண்ணீர். உப்பும் குளுக்கோஸும் எடை போட்டுக் கலந்தார்கள். நடுவில் பாம்புச் சுருளாக ஒரு மெல்லிய தாள் குழாய். அதற்குள் அண்ணனின் ரத்தம் போய் வந்தது. ஆறு மணி நேரம். முடிந்தபோது விக்கல் நின்றிருந்தது. அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி:

"ஏலே, கதிர் களத்துக்கு வந்துருச்சா?"

வார்டில் இருந்த நர்ஸம்மா ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "ராம்நாட்டுப் பக்கமா?" என்றார். அவர் தங்கச்சிமடத்துக்காரர். கிறிஸ்தவர், அவருடைய அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். மறுநாளே என்னைக் கட்டிலருகே நிறுத்திப் பாடம் நடத்தினார். நான் வாத்தியார் என்று சொன்னதும் இன்னும் கண்டிப்பாகப் பேசினார்.

"சார், இந்தக் குழாய் செவப்பா ஓடுதான்னு பாக்கணும். தொட்டா சூடா இருக்கணும். ரத்தம் கருத்து, திரிஞ்ச பால் மாதிரி கட்டி தனியா தண்ணி தனியா பிரிஞ்சா என்னை ஓடிவந்து கூப்பிடணும். இந்தா பாருங்க, கட்டுல ரெண்டு கிளிப்பு மாட்டியிருக்கு. குழாய் கழண்டுச்சுன்னா கத்தக்கூடாது. முதல்ல ரெண்டு முனையிலயும் கிளிப்பைப் போடணும், அப்புறம் கத்தணும். இந்தக் கையில ஊசி கிடையாது, பிரஷர் பாக்கக் கூடாது, எதையும் கட்டக்கூடாது, மடக்கி வச்சுத் தூங்கக்கூடாது. நாங்க நாப்பது பேரைப் பாக்குறோம். நீங்க ஒருத்தரைப் பாருங்க."

பார்த்தேன். அந்த வேலையைப் போல எரிச்சலான வேலையை நான் வாழ்நாளில் செய்ததில்லை.

முதல் எதிரி அண்ணன்தான். பதினைந்து வயதிலிருந்து ஏர் பிடித்த மனிதர். கையைத் தலையணை மேல் நீட்டி வைத்துக்கொண்டு கிடக்கச் சொன்னால் கிடப்பாரா? கொசு கடித்தால் இடது கையால் அடிப்பார். டம்ளரை இடது கையால் வாங்குவார், வலது கை வலிக்கிறதே. ஒருக்களித்தால் அந்தக் கை மேலேயே படுப்பார். நான் எடுத்து நேராக வைப்பேன். ஐந்து நிமிஷத்தில் பழையபடி.

"அண்ணே, கைய மடக்காதீங்க."

"ஏலே, என் கைய மடக்குறதுக்கு உங்கிட்ட கேக்கணுமாலே?"

"கேக்கத்தான் வேணும்ணே."

"நாலு எழுத்துப் படிச்சுட்டேன்னு பாக்குறியா? போய் உன் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளை அதட்டு."

இரண்டாவது எதிரி வார்டுக்கு வந்து போகிறவர்கள். ரத்தம் எடுக்க வருகிற லேப் ஆள் ஒருவர். காலையில் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர் நேரே இடது முழங்கையில் ரப்பரை இறுக்கிக் கட்டப் போனார். அங்கேதானே நரம்பு பார்வையாகத் தெரிந்தது! நான் ரப்பரைப் பிடுங்கினேன். "யாருய்யா நீ?" என்று அவர் கத்த, நான் பதிலுக்குக் கத்த, பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கே ஓர் அட்டையில் பட்டை எழுத்தில், "அந்தக் கையில் ஊசி போடாதீர்கள்" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி இடது பக்கக் கம்பியில் தொங்கவிட்டேன். எழுதிய பிறகு பார்த்தால், 'இந்தக் கை' என்றல்லவா இருக்க வேண்டும்? வாத்தியார் எழுதியது! திருத்தப் பொறுமை இல்லாமல் அப்படியே விட்டேன். மறுநாள் பிரஷர் பார்க்க வந்தவர் அட்டையை ஒதுக்கிவிட்டு அதே கையில் பட்டையைச் சுற்றினார். எழுதினால் படிப்பார்கள் என்று நம்புவது வாத்தியார்களுக்கு மட்டும் வருகிற வியாதி.

மதினி, அதாவது அண்ணனின் மனைவி, நாங்கள் சென்னைக்கு வந்த ஆறாம் நாள் வந்து சேர்ந்தார். களத்து வேலையை அவருடைய அய்யாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஊர்க்காரர் ஒருவர் துணையோடு ரயிலேறியிருந்தார். ஆண்கள் வார்டில் பெண்களுக்குச் சாயங்காலம் இரண்டு மணி நேரம்தான் அனுமதி. வந்தவர் கட்டில் கால்மாட்டில் நின்று அண்ணனைப் பார்த்தார், அழவில்லை. குழாயைப் பார்த்தார், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நான் நர்ஸம்மாவிடம் அன்றைய கணக்கை, எவ்வளவு குடித்தார், எவ்வளவு வாந்தி என்று, பாதி இங்கிலீஷில் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மதினிக்குக் காப்பி வாங்கிவர வெளியே போனேன். காப்பிக் கடையில் கூட்டம். திரும்ப அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வந்து பழக்கத்தில் குழாயைப் பார்த்தேன். சிவப்பு இல்லை. கறுப்பாக ஒரு நூல், அதன் இருபக்கமும் மஞ்சள் தண்ணீர். தொட்டால் சில்லென்றிருந்தது. முழங்கைக்குக் கீழே, கட்டு முடிகிற இடத்தில், மஞ்சள் பூசிய கறுப்புக் கயிறு ஒன்று மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிடப்பட்டிருந்தது. அய்யனார் கோயில் காப்புக் கயிறு. வலது கை வீங்கிக் கிடந்ததால் மதினி இடது கையில் கட்டியிருக்கிறார். நழுவிவிடக் கூடாது என்று நன்றாக இறுக்கி.

நான் ஓடினேன். நர்ஸம்மா ஓடிவந்து கயிற்றைக் கத்தரியால் நறுக்கினார். டாக்டர் வந்தார். குழாயைப் பிரித்து, ஊசிக்குழலால் மருந்துத் தண்ணீர் விட்டு இழுத்தார்கள். சின்னச் சின்ன அட்டைப்பூச்சிகள் போல உறைந்த ரத்தம் வந்தது. தமனிப் பக்கம் கொஞ்சம் துடித்தது. சிரைப் பக்கம் அசையவே இல்லை. ஒரு மணி நேரம் போராடிவிட்டு டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"போச்சு. நாளைக்கு இதே கையில மேலே வைக்கிறேன். அதுவும் அடைச்சா முழங்கை. அதுக்கப்புறம் என்கிட்ட இடம் இல்லை."

வராந்தாவில் மதினி நின்றுகொண்டிருந்தார். நான் என்னென்ன பேசினேன் என்று முழுவதும் எழுத எனக்கு இஷ்டமில்லை. 'பட்டிக்காட்டுப் புத்தி' என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. 'நீங்க கட்டுனது கயிறு இல்ல, அவருக்குச் சுருக்கு' என்று சொன்னதும். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.  நான் முடித்ததும் மதினி சொன்னார்:

"தம்பி, அந்தக் கையத் தொடக்கூடாதுன்னு எனக்கு யாரு சொன்னா? வந்ததுலருந்து நீங்களும் அந்தம்மாவும் இங்கிலீசுலயே பேசிக்கிட்டீக. அட்டையில எழுதி வச்சிருக்கீகளாம். எனக்கு எழுத்துத் தெரியுமா? நானும் அவுகளுக்கு ஏதாச்சும் செய்யணும்ல. எனக்குத் தெரிஞ்சது அதான், அதச் செஞ்சேன்."

 மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைப் பத்துத் தரம் சொல்லிக்கொடுக்கிறவன், அண்ணனின் பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபம் அடங்கிவிடவில்லை. அதைக் கொண்டுபோய் வைக்க இடம் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

மறுநாள் முன்கையின் நடுவில் புதுக் குழாய் வைத்தார்கள். அண்ணன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நான் நர்ஸம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மதினியை உள்ளே கூட்டிவந்தார். பகலில் இருக்கட்டும், டாக்டரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சார், நீங்களே சொல்லிக்கொடுங்க. இந்தத் தடவை தமிழ்ல" என்றார்.

சொல்லிக்கொடுத்தேன். மதினி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சூடா இருக்கணும்னா எம்புட்டுச் சூடு?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் விரல்களின் பின்பக்கத்தைக் குழாய் மேல் மெல்ல வைத்து, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "ம்" என்றார். அதன் பிறகு அரைமணிக்கு ஒருதரம் அப்படித் தொட்டுப் பார்த்தார். அண்ணன் அவரிடமும் சீறினார். "என்ன, மாட்டுக்கு மடி பாக்குற மாதிரி பாக்குற?" மதினி, "ஆமா, கெடந்து காட்டுங்க" என்றார். என்னிடம் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்லுகிற மனிதர் அதற்கு வாயைத் திறக்கவில்லை. கையும் தலையணை மேலேயே கிடந்தது. ஒரு வாரமாக நான் தொண்டை கட்டக் கத்தியது இவ்வளவு சுலபமான வேலையா என்று அதிலும் எனக்கு ஓர் எரிச்சல்.

நாலைந்து நாள் கழித்து ஒரு முற்பகலில் மதினி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, சூடு கொறையுது."

நான் பார்த்தேன். குழாய் சிவப்பாகத்தான் இருந்தது. தொட்டேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"நல்லாத்தானே இருக்கு மதினி."

"இல்ல. காலையில என் வெரல்ல துடிச்சுச்சு. இப்பத் துடிப்பு அடங்கியிருக்கு."

நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். அவரும் பார்த்துவிட்டு, "செவப்பா ஓடுதேம்மா" என்று அடுத்த கட்டிலுக்குப் போகத் திரும்பினார். மதினி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, நீங்க படிச்சவுக. ஆனா நான் விடியக் காலையிலருந்து இதத் தொட்டுக்கிட்டே இருக்கேன். அந்த டாக்டரை ஒருதரம் வரச் சொல்லுங்க. தப்பா இருந்தா என்னைய வையுங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், மதினிக்காக நான் அந்த நேரத்தில் வெட்கப்பட்டேன். வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

டாக்டர் வந்து ஸ்டெதஸ்கோப்பைக் குழாய்க்கு மேலே வைத்துக் கேட்டார். ரத்தம் ஓடுகிற இரைச்சல் அதில் கேட்குமாம். இன்னொரு தரம் வைத்துக் கேட்டார். உடனே கட்டைப் பிரிக்கச் சொன்னார். காலையில் கட்டு மாற்றியவர் துணியை இறுக்கமாகச் சுற்றியிருந்தார்; உள்ளே குழாய் ஒரு இடத்தில் மடிந்து கிடந்தது. ரத்தம் முழுதாக நிற்கவில்லை. சொட்டு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. குழாயை நேராக்கி, மருந்துத் தண்ணீர் விட்டார்கள். சிரைப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கட்டி வந்தது. அதற்குப் பின்னால் ரத்தம் நன்றாக ஓடியது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் நிச்சயம் அடைத்திருக்கும் என்று டாக்டர் நர்ஸம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னார். மதினியிடம் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அவர் சொன்னதை நான் மதினிக்குத் தமிழில் சொன்னேன்.

"எல்லாம் சரிதான். கட்டுப் போட வார ஆளுகிட்ட யாராச்சும் சொன்னீகளா?" என்றார் மதினி.

யாரும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து கட்டு மாற்றும்போதெல்லாம் மதினி கிட்டத்தில் நின்றார். "கொஞ்சம் தளத்துங்கய்யா" என்பார். கட்டுகிறவர் முறைப்பார். மதினி நகரமாட்டார். நர்ஸம்மா ஒரு நாள் அவரிடம், "நீங்க பாத்ததை நான் பாக்கலை. மன்னிச்சிருங்க" என்று சொன்னதை நான் கேட்டேன். படித்தவர்களில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். நான் இன்றுவரை சொல்லவில்லை.

அந்தக் குழாயிலேயே இன்னும் நாலு தரம் மிஷின் ஓடியது. சென்னைக்கு வந்த பதினெட்டாம் நாளோ பத்தொன்பதாம் நாளோ, அண்ணன் வெட்கத்தோடு என்னைக் கூப்பிட்டு, "ஏலே, அந்த சீசாவைக் கொடு" என்றார். அடியில் ஒரு விரல் அளவு மூத்திரம்தான் இருந்தது. நர்ஸம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். எங்கள் வீட்டில் முதல் குழந்தை பிறந்தபோதுகூட அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. மறுநாள் அரை சீசா. ஒரு வாரத்தில், அளந்து எழுதியே எனக்குக் கை வலித்தது. குழாயை எடுத்துத் தையல் போட்டார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அண்ணனுக்கு இடது கையில் சுண்டுவிரலும் அடுத்த விரலும் மரத்துப்போயின. குளிர்காலத்தில் வெளிறிவிடும். நாற்று முடியைப் பிடித்தால் நழுவும். இரண்டு தரம் அறுத்த இடம், ஒரு தரம் அடைத்த தமனி. அவ்வளவில் விட்டதே பெரிது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். அண்ணன் அதை ஏற்கவே இல்லை. யார் நலம் விசாரிக்க வந்தாலும் என்னை வைத்துக்கொண்டே சொல்வார்: "பாம்பு கடிச்சது காலுல. இவன் கூட்டிட்டுப் போன எடத்துல போனது கை." நான் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பேன். வந்தவர்கள் என் பேச்சு முடியுமுன் எழுந்து போய்விடுவார்கள்.

கோடை லீவில் ராமநாதபுரம் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். சென்னை டாக்டர் சொன்னதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். விரியன் கடித்தவனுக்குக் கிட்னி நிற்கலாம். அதனால் ஒரு கையையாவது முழுதாக விட்டுவைக்க வேண்டும். ஊசி போட வேண்டுமென்றால் இன்னொரு கையின் புறங்கையில் போட வேண்டும். வேறு வழியே இல்லாமல்தான் காலைக் கீற வேண்டும். அவர் பொறுமையாகப் படித்தார். வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள்.

"வாத்தியாரே, பாம்பு கடிச்சவன் பிரஷர் இறங்கி வாரான். அந்த நேரத்துல எனக்கு எந்த நரம்பு கிடைக்குதோ அதுதான் நரம்பு. நான் அவன் உசுரைக் காப்பாத்தவா, நீங்க சொல்ற கையைக் காப்பாத்தவா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அண்ணனின் கையில் குத்திய அத்தனை ஊசியும் அந்த அவசரத்தில் குத்தியவை இல்லை. பாதி, கைப்பழக்கத்தில் குத்தியவை. இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார். தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பதாகச் சொன்னார். அடுத்த தடவை போனபோது அங்கே ஒரு காலண்டர் படம் இருந்தது.

மறு அறுப்பில் எங்கள் ஊரில் ஒரு பெண்ணை விரியன் கடித்தது. கதிர் பொறுக்க வந்தவள். மதினிக்குத் தூரத்து உறவு. மதினி களத்திலிருந்து அப்படியே வண்டியில் ஏறிக்கொண்டார். நான் பள்ளிக்கூடம் விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது மதினி அந்தப் பெண்ணின் இடது கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பவுண்டர் ஊசியோடு எதிரே நின்றிருந்தார்.

"விடும்மா, நரம்பு பாக்கணும்."

"அங்கன அந்தக் கையில பாருங்கய்யா. இதத் தர மாட்டேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

கம்பவுண்டர் வாய்க்கு வந்தபடி ஏசினார். கடைசியில் வலது புறங்கையிலேயே நரம்பு பிடித்து ஏற்றினார். முதல் குத்திலேயே கிடைத்தது. மதினி நாலு நாள் அந்தக் கையை விடவில்லை. போகிற மூத்திரத்தையும் ஒரு போணியில் பிடித்துக் கம்பவுண்டரிடம் காட்டிக்கொண்டே இருந்தாராம். அந்தப் பெண்ணுக்குக் கிட்னி நிற்கவில்லை. ஐந்தாம் நாள் நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

ஊரில் சிரித்தார்கள். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு நாலு நாள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சீசாவும் போணியுமாக ஆஸ்பத்திரியைக் கலக்கிவிட்டாள் என்று. அண்ணனும் சேர்ந்து சிரித்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எழுந்து அவர்களுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கப் போனேன்.

"விடுங்க தம்பி. அவளுக்கு மிஷினு தேவைப்படல. அதுக்கு ஏன் சண்டை?" என்றார் மதினி. சொல்லிவிட்டு, காயப்போட்ட நெல்லைக் கிண்டிவிடப் போனார்.